கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு மூச்சு வாங்கினால் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் வசிக்கும் ஒருவர் தம் தந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். தந்தைக்கு 58 வயது; மூன்று ஆண்டுகளாகக் கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் இருக்கிறது. இரண்டு மாதங்களாக ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஆஸ்துமாவாக இருக்கலாம் என இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், பலனில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது 91 காட்டுகிறது. "படுத்துக்கொண்டால் பரவாயில்லை என்கிறார், அது உண்மையா, மனப்பிரமையா? கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?" என்பது கேள்வி.

மனப்பிரமை இல்லை. நீங்கள் எழுதியவற்றுள் மிகவும் மதிப்புள்ள தகவலே அதுதான். இதயம் பலவீனமானவருக்குப் படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் தணியும். ஆஸ்துமாக்காரரும் இரவில் தலையணையை அடுக்கிக்கொண்டு உட்காரவே விரும்புவார். உட்கார்ந்தால் மூச்சுத் திணறி, படுத்தால் தணிவது மருத்துவத்தில் அபூர்வமான தலைகீழ் நிலை. கல்லீரல் நோய் உள்ள ஒருவர் அதைச் சொன்னால், நுரையீரலின் ரத்தக் குழாய்களைப் பற்றித்தான் முதலில் நினைக்க வேண்டும். உங்கள் தந்தையை நான் பரிசோதிக்கவில்லை. ஆகவே இதுதான் நோய் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

சம்பந்தம் என்ன என்பதற்கு ரத்தம் ஓடும் பாதையைப் பார்த்தால் போதும். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய், அங்கே வடிகட்டப்பட்டு, இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது. கல்லீரலுக்கு அடுத்த சல்லடை நுரையீரல்தான். கல்லீரல் கெட்டிப்பட்டுப் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும்போது, ரத்தம் குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்துக் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்குகிறது. உணவுக் குழாயில் சிரைகள் புடைப்பது இதனால்தான். கல்லீரல் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய குடல் பாக்டீரியாக்களின் நச்சுகளும், குழாய்களை விரிக்கவும் சுருக்கவும் வல்ல வேதிப்பொருட்களும் நேராக நுரையீரலைச் சென்றடைகின்றன. அங்கே அவை செய்யும் வேலை ஆளுக்கு ஆள் மாறுகிறது: சிலருக்குக் குழாய்கள் விரிகின்றன, சிலருக்குச் சுருங்குகின்றன. மூன்றாவதாக, வேறொரு வழியில், வயிற்று நீர் நெஞ்சுக்குள் ஏறிவிடுவதும் உண்டு. மூன்றுக்கும் நோயாளி சொல்லும் புகார் ஒன்றே: மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒன்றுக்கு நன்மை செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகவே பெயர் தெரியாமல் வைத்தியம் தொடங்கக்கூடாது என்பதே என் பதிலின் சாரம்.

இவை மூன்றையும் தவிர எளிய காரணங்களும் இருக்கின்றன. ரத்தசோகை, வயிற்று நீர் உதரவிதானத்தை மேலே தள்ளுவது, தசைகள் கரைந்து போவது, நிமோனியா, புகைப்பவர்களின் நுரையீரல் நோய் ஆகியவற்றை எந்த நல்ல மருத்துவரும் முதலில் பார்த்துவிடுவார். அவற்றை விட்டு மேலே செல்கிறேன்.

குழாய்கள் விரிந்துபோகும் நிலைக்கு ஹெப்படோபல்மனரி சிண்ட்ரோம் என்று பெயர். 1884-இலேயே ஃப்ளூக்கிகர் என்ற மருத்துவர், கல்லீரல் சுருக்கம் இருந்த ஒரு பெண்ணின் விரல்கள் நீலம் பாரித்து, நுனிகள் பருத்திருந்ததைப் பதிவு செய்தார். 1977-இல்தான் கென்னடி, நட்சன் என்ற இருவர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நுரையீரலின் நுண்குழாய்கள் இயல்பில் 8 முதல் 15 மைக்ரான் அகலமே இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணுக்கள் ஏறக்குறைய வரிசையில் ஒவ்வொன்றாகவே நகர முடியும். இந்த நோயில் அவை நூறு மைக்ரான் வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் விரிகின்றன. நைட்ரிக் ஆக்சைடு என்ற, குழாயைத் தளர்த்தும் பொருள் நுரையீரலில் அளவுக்கு மீறி உற்பத்தியாவது இதற்கு முக்கியக் காரணம்.

விரிந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. குறுகலான தெருவில் வரும் மாநகரப் பேருந்து ஓரத்தை ஒட்டித்தான் வந்தாக வேண்டும்; நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். அதே பேருந்துகள் அகலமான சாலையில் நாலைந்து வரிசையாக நடுவிலேயே விரைந்தால், ஓரத்து வரிசை மட்டுமே ஆள் ஏற்றும். மற்றவை காலியாகப் போகும். பேருந்து சிவப்பணு, பயணி ஆக்சிஜன். காலியாகப் போன ரத்தம் அப்படியே உடலுக்குப் போய்ச் சேர்வதால் ஆக்சிஜன் குறைகிறது. விரிந்த குழாய்கள் நுரையீரலின் அடிப்பகுதியில் அதிகம். உட்கார்ந்தாலோ நின்றாலோ, புவியீர்ப்பால் ரத்தம் அந்த அடிப்பகுதிக்கே கூடுதலாகப் பாய்கிறது. படுத்தால் சமமாகப் பரவுகிறது. உங்கள் தந்தை சொல்வதன் உடற்கூறு விளக்கம் இதுவே. நுரையீரலின் காற்றறைகள் நன்றாகவே இருப்பதால் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இன்ஹேலர் மூச்சுக் குழாயைத்தான் திறக்கும், ரத்தக் குழாயைத் தொடாது. ஆகவே பலனில்லாததில் வியப்பில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவரைப் படுக்கவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஆக்சிமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து உட்காரச் செய்து, மேலும் பத்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். கை சில்லென்று இருக்கக்கூடாது, நகத்தில் மருதாணியோ பூச்சோ இருக்கக்கூடாது. மூன்று நாள் இப்படிக் குறித்த தாளை மருத்துவரிடம் காட்டினால், வாயால் சொல்லும் பத்து வாக்கியங்களைவிட அது அதிகம் பேசும். ஓர் எச்சரிக்கை உண்டு. கருநிறத் தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது உண்டு. லேசான பாதிப்பை அது பிடிக்காமலும் விடும். எனவே 97 காட்டினால் நோயே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. 96-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். உங்கள் தந்தையின் 91 சந்தேகத்துக்கு இடமில்லாத குறைவு.

விரல்களையும் பாருங்கள். தவில் வித்வான் மாட்டிக்கொள்ளும் கூடுபோல நுனி உருண்டு பருத்து, நகம் வளைந்திருக்கிறதா, நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பாரித்திருக்கின்றனவா, மார்பிலும் தோளிலும் சிலந்தி போலக் கால் விரித்த சிறு சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பவை மூன்றும் இந்த நோயோடு சேர்ந்து காணப்படும் அடையாளங்கள்.

உறுதி செய்ய இரண்டு பரிசோதனைகள் தேவை. ஒன்று, மணிக்கட்டில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் ஏ.பி.ஜி.; இதை உட்கார்ந்த நிலையில், ஆக்சிஜன் கொடுக்காமல் எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்தால், தேடுகிற குறையே மறைந்துவிடக்கூடும். அவசரமான வார்டுகளில் இது அடிக்கடி நடக்கும் பிழை. காற்றறைக்கும் தமனிக்கும் இடையே ஆக்சிஜன் அழுத்த வேறுபாடு 15 மில்லிமீட்டர் பாதரசமோ அதற்கு மேலோ இருந்தால், 64 வயதைத் தாண்டியவருக்கு 20 இருந்தால், அது இயல்பல்ல. தமனி ஆக்சிஜன் அழுத்தம் (இதுவும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு, ஆக்சிமீட்டர் காட்டும் சதவீதம் அல்ல) 80-க்கு மேல் இருந்தால் லேசானது, 60 முதல் 79 வரை நடுத்தரம், 50 முதல் 59 வரை கடுமை, 50-க்குக் கீழே மிகக் கடுமை என்று வகைப்படுத்துகிறார்கள். இரண்டாவது, குமிழி எக்கோ. உப்புநீரைச் சிரிஞ்சில் நன்றாகக் குலுக்கி, நுண்குமிழிகள் உண்டாக்கிக் கை நரம்பில் செலுத்துவார்கள். இயல்பான நுரையீரலில் குமிழிகள் சிக்கி மறைந்துவிடும். குழாய்கள் விரிந்திருந்தால் அவை தப்பித்து, மூன்று முதல் ஆறு இதயத் துடிப்புக்குள் இதயத்தின் இடப்பக்கத்தில் தோன்றும். அதற்கும் முன்பே தோன்றினால் இதயச் சுவரில் ஓட்டை இருக்கலாம் என்று பொருள். சாதாரண எக்கோவில் இது தெரியாது. "எக்கோ எடுத்தாயிற்று, நார்மல்" என்ற பதிலோடு திரும்பி வராமல், குமிழி வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இந்த நோயின் கடுமை கல்லீரல் நோயின் கடுமையோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை என்பதைப் பலர் நம்பத் தயங்குகிறார்கள். மஞ்சள் காமாலை இல்லை, எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை சுமாராக இருக்கிறது, ஆகவே மூச்சுத் திணறலுக்குக் கல்லீரல் காரணமாக இருக்காது என்ற வாதம் தவறானது. கல்லீரல் சுருக்கமே இல்லாமல், போர்ட்டல் சிரை அடைபட்டதால் மட்டும் அழுத்தம் ஏறிய இளைஞர்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட இது வருகிறது; அத்தகைய சிரை அடைப்பு நம் நாட்டில் அரிதல்ல.

இதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இல்லை. பூண்டு உட்படப் பலவற்றைச் சிறு ஆய்வுகளில் முயன்றிருக்கிறார்கள். அவற்றை நம்பிக் காலம் கடத்தக்கூடாது. ஆக்சிஜன் கொடுப்பது உடனடி உதவி. பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் பெருகினால் சிலர் சாலைக்கே இறங்கி ஏறுவது போல, ஆக்சிஜன் அழுத்தம் கூடினால் நடுவில் ஓடும் அணுக்களையும் அது எட்டுகிறது. வீட்டில் வைக்கும் கான்சென்ட்ரேட்டர் இப்போது சென்னையில் வாடகைக்கே கிடைக்கிறது. நோயைத் திருப்புவது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றுதான். புதிய கல்லீரல் வைத்த பிறகு, விரிந்த குழாய்கள் மெல்ல இயல்புக்குத் திரும்புகின்றன. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். முதல் சில நாட்களில் ஆக்சிஜன் இன்னும் கீழே இறங்குவதும் உண்டு என்பதை முன்பே தெரிந்துகொண்டால், ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும்போது கலங்க வேண்டியிராது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மாற்று சிகிச்சை பெற்றவர்களில் 76 சதவீதத்தினர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 23 சதவீதத்தினர்தான். பிள்ளையிடம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் முடிவெடுக்க இந்த எண்கள் தேவை.

இரண்டாவது நிலை இதற்கு நேர் எதிரானது. நுரையீரல் தமனிகள் விரிவதற்குப் பதிலாகத் தடித்துச் சுருங்கி, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. 1951-இல் மேன்ட்ஸ், கிரெய்க் என்போர் முதலில் விவரித்த இதற்குப் போர்ட்டோபல்மனரி ஹைப்பர்டென்ஷன் என்று பெயர். இங்கே ஆக்சிஜன் அவ்வளவாகக் குறைவதில்லை. சுருங்கிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. நடந்தால் மூச்சு வாங்குவது, மயக்கம், நெஞ்சு வலி, கால் வீக்கம் ஆகியவை வரும். கால் வீக்கம் கல்லீரலால் என்றே எல்லோரும் எண்ணிவிடுவதால் இது தாமதமாகத்தான் பிடிபடுகிறது. பெண்களுக்கும், தன்னுடல் தாக்கு நோயால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதிகம். எக்கோவில் சந்தேகம் எழும். கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே இதயத்தின் வலப்பக்கத்துக்குக் குழாய் விட்டு அழுத்தத்தை நேரடியாக அளந்தால்தான் உறுதிப்படும்.

வைத்தியம் இங்கே தலைகீழாகிறது. உணவுக் குழாய்ச் சிரை வெடிக்காமல் இருக்க நம்மூரில் கல்லீரல் நோயாளிகள் பலருக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், கார்விடிலால் போன்ற மாத்திரைகள், களைத்த வலப்பக்க இதயத்தின் துடிப்பையும் வேகத்தையும் மட்டுப்படுத்தி நிலைமையை மோசமாக்கக்கூடும். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிரை வெடித்து ரத்த வாந்தி எடுத்தால் அது உடனடி ஆபத்து. எண்டோஸ்கோப்பி மூலம் சிரைகளுக்கு வளையம் போட்டுவிட்டு, மாத்திரையை மாற்றலாமா என்று மருத்துவரே முடிவு செய்வார். சில்டெனாஃபில் போன்ற, நுரையீரல் தமனியைத் தளர்த்தும் மருந்துகள் இங்கே பயன்படுகின்றன. மாற்று சிகிச்சை முதல் நோய்க்கு மருந்தாக இருந்தது அல்லவா. இங்கே அதுவே அபாயமாகலாம். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 35 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருந்தால் முதலில் மருந்தால் குறைக்க வேண்டும். 50-ஐத் தாண்டியிருந்தால் அறுவை மேசையிலேயே இதயம் நின்றுபோகும் அபாயம் இருப்பதால் செய்யவே மாட்டார்கள்.

மூன்றாவது, நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது. ஹெப்பாட்டிக் ஹைட்ரோதோராக்ஸ் எனப்படும் இது கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு வருகிறது, பெரும்பாலும் வலப்பக்கம்தான். மகோதரம் என்று பெரியவர்கள் சொல்லும் வயிற்று நீர், உதரவிதானத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் வழியாக, ஒவ்வொரு மூச்சிழுப்பின் உறிஞ்சலாலும் மேலே ஏறுகிறது. சில சமயம் உண்டாகும் நீரெல்லாம் மேலே போய்விடுவதால் வயிறு தட்டையாகவே இருக்கும்; அதனால் கல்லீரலை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்கள் தந்தையின் எக்ஸ்-ரே சுத்தமாக இருப்பதால் அவருக்கு இது இல்லை. ஆனாலும் பின்னாளில் வரக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றதும் முதலில் வாயில் வரும் சொல் காசநோய். அதில் நியாயமும் இருக்கிறது. 1928-இல் காசநோய்க்கென்று டேவிட் சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனை ஒரு ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர் கொடுத்த நகரம் இது. வீட்டிலிருந்தே காசநோய்க்கு வைத்தியம் பார்க்க முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வும் 1950-களில் இங்கேதான் நடந்தது. ஆனால் கல்லீரல் சுருங்கியவருக்குக் காசநோய் மருந்தை ஊகத்தின் பேரில் தொடங்குவது விபரீதம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எனவே ஊசி போட்டு நீரை எடுத்துப் பரிசோதிப்பதைத் தவிர்க்கவே கூடாது. கல்லீரலால் வந்த நீரில் புரதம் குறைவாக, வழக்கமாக 100 மில்லிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே இருக்கும். காசநோய் நீரில் புரதமும் லிம்போசைட் அணுக்களும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவும் கூடியிருக்கும். அதே நீரில் நியூட்ரோஃபில் அணுக்களையும் எண்ணச் சொல்ல வேண்டும். ஒரு கன மில்லிமீட்டரில் அவை 500-ஐத் தாண்டினால், கல்ச்சரில் கிருமி வளர்ந்திருந்தால் 250-ஐத் தாண்டினாலே, நீரில் கிருமித் தொற்று என்று கொண்டு உடனே நரம்பு வழி ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள்.

வைத்தியத்தில் உப்புக் கட்டுப்பாடும் சிறுநீர் மாத்திரைகளும் அடிப்படை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மோர்மிளகாய் ஆகியவற்றில் ஒளிந்திருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியடைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற சிறுநீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது வேறு விதத்தில் ஆபத்து. வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையைத் தொடவே வேண்டாம். அவை சிறுநீரகத்தை முடக்கிவிடும்.

மூச்சு மிகவும் முட்டினால் ஊசியால் நீரை எடுக்கலாம்; ஒரே தடவையில் ஒன்றரை, இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். "ஒரு ட்யூபைப் போட்டு மொத்தமாக வடித்துவிடுங்களேன்" என்று குடும்பத்தார் கேட்பது எனக்குப் பழக்கம். மற்ற நோய்களில் சரியான அந்த யோசனை இங்கே தவறு. துளை மூடாததால் வயிற்று நீர் முழுவதும் அந்த ட்யூப் வழியே நாள்கணக்கில் ஒழுகும். புரதம் போகும், கிருமி புகும், சிறுநீரகம் கெடும், ட்யூபை எடுக்கவும் முடியாது. மருந்துக்கு அடங்காதவர்களுக்கு, கழுத்துச் சிரை வழியாகச் சென்று கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே ஸ்டென்ட் வைக்கும் முறை உதவும். அதே ஸ்டென்ட், இரண்டாவதாகச் சொன்ன தமனி அழுத்த நோய் இருப்பவருக்கு வைத்தால் வலப்பக்க இதயம் வெள்ளத்தில் மூழ்கியதுபோல் ஆகிவிடும். ஆகவே வைப்பதற்கு முன் எக்கோ கட்டாயம்.

இனி உங்கள் தந்தைக்கு. ஏ.பி.ஜி., குமிழி எக்கோ, நுரையீரல் திறன் சோதனை, தேவைப்பட்டால் நெஞ்சு சி.டி. ஆகியவற்றை முடித்துக்கொண்டு, ஒரு கல்லீரல் மாற்று மையத்தில் காட்டுங்கள். சென்னையில் தனியார் மையங்கள் பல உண்டு. அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இந்த அறுவை சிகிச்சை நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. யாருக்கு அவசரம் என்று கணிக்கும் மெல்ட் மதிப்பெண்ணில் பிலிரூபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனை அளவுகள் அடிப்படை. ஆக்சிஜன் அதில் இல்லவே இல்லை. எனவே மூச்சுக்குத் திணறும் ஒருவரின் மதிப்பெண் குறைவாகவே வந்து, "இப்போது அவசரமில்லை" என்ற பதில் கிடைக்கக்கூடும். தமனி ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு அமெரிக்காவில் இதற்காகவே கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள். உட்கார்ந்த நிலையில் எடுத்த ஏ.பி.ஜி. அறிக்கையைக் கோப்பின் மேலேயே வையுங்கள். நெருங்கிய உறவினர் கல்லீரலில் ஒரு பகுதியைத் தர முன்வந்தால் இறந்தவர் கொடைக்கான வரிசையே தேவைப்படாது என்பதையும் அவர்களிடமே பேசுங்கள்.

அதுவரை ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் போட்டுவிடுங்கள். மது, புகை இரண்டும் அறவே கூடாது. ஓய்வில் ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சலோடு மூச்சுத் திணறினாலோ, பேச்சு தடுமாறினாலோ, கறுத்த மலமோ ரத்த வாந்தியோ கண்டாலோ, மறுநாள் ஓ.பி.க்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வண்டியில் ஏற்றும்போது, மற்றவர்களை நிமிர்த்தி உட்கார வைப்பார்களே என்று இவரையும் உட்கார வைக்காமல், ரத்த வாந்தியோ மயக்கமோ இல்லையென்றால் படுத்த நிலையிலேயே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, காரணத்தையும் ஊழியரிடம் சொல்லுங்கள்.